கறுப்புக் கோட்டும் உருவிய வெள்ளை நூலும்: சங்கரன்கோவிலில் ஒரு நாள்

என் கோட்டிலிருந்த வெள்ளை நூல் முழுவதையும் உருவி எடுத்துவிட்டார்கள். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. போன செவ்வாய்க்கிழமை நான் சங்கரன்கோவிலுக்குப் போனது சாமி கும்பிடுவதற்காக இல்லை, சண்டை போடுவதற்காக. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

புதிதாகப் படிக்க வந்தவர்களுக்காக: திருவேங்கடத்தில் நாற்பத்தாறு வருடமாகத் தையல்கடை வைத்திருக்கிறேன். தொழிலை யாரும் கற்றுத் தரவில்லை. பழைய கோட்டுகளைப் பிரித்துப் பார்த்துக் கற்றேன். சில வருடங்களாகக் கைபேசியில் வெளிநாட்டு உடைகளின் படங்களைத் தேடிப் பார்க்கிறேன். மூன்று கை வைத்த சட்டை, விளிம்பு மடிக்காத பாவாடை, உள்பக்கத்தை வெளியே காட்டும் கோட்டு. அவற்றை ஓவியங்களோடு சேர்த்துக் கூடங்களில் மாட்டுகிறார்கள். கடைக்கு வருகிறவர்கள் படத்தைப் பார்த்துச் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஓவியன் தாளில் போடுவதும் கோடு, நான் துணியில் போடுவதும் கோடு.

கோட்டை மிஷினில் தைப்பதற்கு முன் துணி நகராமல் இருக்க, வெள்ளை நூலால் கையாலேயே நீளநீளமாக ஓட்டிவைப்போம். வேலை முடிந்ததும் உருவிவிடுவோம். எந்த உடம்பும் நேராக இருப்பதில்லை. ஒரு தோள் தாழ்ந்திருக்கும், முதுகு ஒரு பக்கம் வளைந்திருக்கும். அதையெல்லாம் மறைத்து ஆளை நேராகக் காட்டுவதுதான் எங்கள் பிழைப்பு. நான் ஒரு கறுப்புக் கோட்டு தைத்து, மறைக்க வேண்டியதை எல்லாம் அதன் மேலேயே வெள்ளை நூலால் ஓட்டிக் காட்டினேன். என் உடம்புதான் அளவு. மிஷினில் குனிந்து குனிந்து அரை அங்குலம் இறங்கிப்போன இடது தோள், வளைந்த முதுகு, எல்லாம். மூன்று மாத வேலை. உடையும் ஓவியமும் சேர்ந்த கண்காட்சி ஒன்று சங்கரன்கோவிலில் நடக்கிறது என்று கேள்விப்பட்டு அனுப்பினேன். எடுத்துக்கொண்டார்கள். என் வேலையை ஓவியம் என்று ஒருவர் ஒப்புக்கொண்டது அதுதான் முதல் தடவை.

திங்கள் மாலை வாட்ஸ்அப்பில் புகைப்படம் வந்தது. என் கோட்டு ஏதோ மாப்பிள்ளைக் கோட்டு மாதிரித் தொங்கியது. வெள்ளை நூல் ஒன்றுகூட இல்லை. மறுநாள் மாலை ஐந்து மணிக்குத் திறப்பு.

செவ்வாய் காலை 9.20க்கு டவுன் பஸ் ஏறினேன். ஏறத்தாழ இருபது கிலோமீட்டர், எனக்குப் பதினெட்டு ரூபாய், பெண்களுக்கு இலவசம். இரண்டு பக்கமும் கரிசல், மக்காச்சோளம். இடது பக்கம் உட்கார்ந்தால் வெயில் அடிக்கும். 10.15க்கு இறங்கினேன். பேருந்து நிலையத்திலிருந்து கண்காட்சி நடக்கும் கல்யாண மண்டபத்துக்கு ஆட்டோ அறுபது ரூபாய்.

“மண்டபத்துல விசேசமா அண்ணாச்சி?” என்றார் ஓட்டுநர்.

“கோட்டு பாக்கப் போறேன். சுவத்துல மாட்டிருக்காவ.”

“சுவத்துக்கு என்னத்துக்குக் கோட்டு? குளுருதாக்கும்?”

வேறு நாளாக இருந்தால் சிரித்திருப்பேன்.

கண்காட்சியை நடத்துகிறவர் சென்னையிலிருந்து வந்த உடை வடிவமைப்பாளர், நிவேதா. முப்பது வயதுக்குள்தான் இருக்கும். என்னைப் பார்த்ததும் முகம் வெளுத்துவிட்டது. துணிகளுக்கு இஸ்திரி போட கடையநல்லூரிலிருந்து ஒரு தையல்காரரை அழைத்ததாகவும், நூலை உருவியது அவர்தான் என்றும் சொன்னார். அந்தத் தையல்காரர், காஜா பாய், பின்கட்டில் இஸ்திரிப் பெட்டியோடு நின்றிருந்தார்.

“அண்ணாச்சி, நீங்க மறந்துட்டியன்னுல்லா நெனச்சேன்,” என்றார். “இவ்வளவு சுத்தமான வேல, நூலு தொங்குனா உங்க பேரு கெட்டுருமேன்னு ஒண்ணொண்ணா உருவுனேன். ரெண்டு மணி நேரம்.”

கத்துவதற்காகவே இருபது கிலோமீட்டர் வந்தவன் நான். ஆனால் இதே நூலை உருவாமல் விட்டதற்காக என் கடையில் எத்தனை பேரைத் திட்டியிருக்கிறேன்? அவர் இடத்தில் நான் இருந்தாலும் உருவியிருப்பேன். அந்த நினைப்பு கோபத்தைக் கூட்டியதே தவிரக் குறைக்கவில்லை.

துணியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். நீராவி பட்டு ஊசித் துளைகள் மூடியிருந்தன. கோடு போன தடம் தெரியவில்லை. காஜா பாய் ஒரு அட்டையை நீட்டினார். உருவிய நூலையெல்லாம் அதில் சுற்றி வைத்திருந்தார். “நல்ல நூலு, தூரப் போட மனசு வரல.”

நிவேதாவின் கண் விரிந்தது. “சார், கோட்டை இப்படியே மாட்டி, கீழ இந்த அட்டையை வச்சிடலாமா? ‘இல்லாமை’னு பேர் வச்சா ரொம்ப பவர்ஃபுல்லா இருக்கும்.”

“இல்லாததை உங்க வீட்டுச் சுவத்துல மாட்டிக்கோங்கம்மா. என் கோட்டுல இருந்தது இருக்கணும்.”

அங்கே இருந்த துணிக்கடைப் பொம்மைக்கு இரண்டு தோளும் சமம். அதில் வைத்து ஓட்ட முடியாது. என் முதுகில் நானே ஓட்டவும் முடியாது. மணி 11.10. காஜா பாயைக் கோட்டைப் போட்டுக்கொள்ளச் சொன்னேன். அளவு சரியாக இருந்தது. வலது தோளில் தொடங்கினேன். இடது பக்கம் வந்ததும் கோட்டு கீழே இறங்கியது.

“நேரா நில்லும் வே.”

“நேராத்தான் அண்ணாச்சி நிக்கேன்.”

பின்னால் போய்ப் பார்த்தேன். நேராகத்தான் நின்றார். இடது தோள் அரை அங்குலம் தாழ்ந்திருந்தது.

“மிஷின்ல எத்தன வருசம்?”

“சவுதியில இருவது, ஊர்ல பன்னெண்டு.”

அந்த அட்டை நூலையே கோத்து ஓட்டினேன். தோளிலும் முதுகிலும் கோடு பழைய இடத்திலேயே விழுந்தது. வயிறு மட்டும் புதிது. எனக்கு இல்லை, அவருக்கு உண்டு. அந்த வளைவையும் விடாமல் போட்டேன். 3.40க்கு முடிந்தது. கழற்றியபின் காஜா பாய் கோட்டை வெகுநேரம் பார்த்துவிட்டு, “என்னைய இப்பிடி ஒருத்தரும் பாத்ததில்ல,” என்றார்.

திறப்புக்கு முன் கோயிலுக்கு நடந்தேன், பத்து நிமிடம். இரண்டு பக்கமும் வேறுவேறாக வெட்டிய உடை இன்றைய கண்டுபிடிப்பு என்று கண்காட்சித் தாளில் அச்சிட்டிருந்தார்கள். இங்கே ஒரே உடம்பில் பாதி சங்கரன், பாதி நாராயணன். பக்கத்துக்கு ஒரு உடுப்பு. அதைச் செய்த சிற்பிக்கு, நடுவில் தையல் எங்கே விழ வேண்டும் என்று தெரிந்திருக்கிறது.

கண்காட்சி வரும் ஞாயிறு வரை, காலை 10 முதல் மாலை 7. அனுமதி இலவசம். ஆடித்தபசுத் திருவிழா சமயமாக இருந்தால் பஸ்ஸில் நிற்கக்கூட இடம் கிடைக்காது; இப்போது கூட்டமில்லை. திரும்பக் கடைசி பஸ்ஸை நம்பாமல் 7.30க்குள் ஏறிவிடுங்கள்.

நான் இன்னும் யாரையும் மன்னிக்கவில்லை. செய்ய வேண்டியவை இவை.

நிவேதா, அனுப்பியவரைக் கேட்காமல் எந்த உடையையும் இஸ்திரிக்குக் கொடுக்கக் கூடாது. ‘இன்றைய கண்டுபிடிப்பு’ என்ற வரியை அடித்துவிட்டு, கோயிலுக்கு ஒருமுறை போய்வர வேண்டும். பெயரட்டையில் என் பெயருக்குக் கீழே ‘உடல்: காஜா பாய்’ என்று எழுத வேண்டும்.

காஜா பாய், வெள்ளை நூலைக் கண்டால் கையைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டும்.

பார்க்க வருகிறவர்கள், கோட்டைத் தொடக் கூடாது. அவரவர் தோளைத் தொட்டுப் பார்த்துக்கொள்ளலாம்.

நான், வருகிற வெள்ளிக்கிழமை கடையநல்லூர் போய்க் காஜா பாய்க்கு ஒரு சட்டைக்கு அளவெடுக்க வேண்டும். இடது தோளை அரை அங்குலம் இறக்கி வெட்ட வேண்டும்.