சத்தமில்லாமல் செத்த டிரைவ்

ஹார்டு டிஸ்க்குக்குப் பதிலாகக் கம்ப்யூட்டரில் மாட்டுகிற எஸ்எஸ்டி டிரைவைப் பற்றி யாராவது பெருமையடிக்க ஆரம்பித்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. அதிர்வைத் தாங்குமாம், பல வருஷம் உழைக்குமாம். யார் வீட்டில் உழைத்ததோ தெரியாது. எங்கள் கம்பெனியில் அது ஒரு வருஷம்கூடத் தாண்டவில்லை.

ஓசூரில் வண்டி உதிரிபாகம் கடைகிற சின்னக் கம்பெனி. தர ஆய்வில் நான் சூப்பர்வைசர். ஒவ்வொரு பாகத்தின் துளையையும் அளந்தால் அளவு தானாகக் கம்ப்யூட்டரில் ஏறும். அதில் ஹார்டு டிஸ்க் இருந்தவரை, காலை ஷிஃப்டுக்கு வந்ததும் கேபினட்டில் காதை வைத்துக் கேட்பது எங்கள் வழக்கம். 'கடக் கடக்' என்றால் அன்றே எல்லாவற்றையும் நகல் எடுத்துவிடுவோம். பக்கத்து பிரஸ் மெஷின் அதிர்வில் இரண்டு டிஸ்க் போயின, ஆனால் ஒரு அளவுகூடத் தொலையவில்லை.

ஆயுத பூஜைக்கு மெஷின்களைத் துடைத்தபோது மேனேஜர் ஹார்டு டிஸ்க்கை எடுத்துவிட்டு எஸ்எஸ்டி மாட்ட வைத்தார். மறுநாள் காதை வைத்தேன். சத்தமே இல்லை.

"உள்ள சுத்துறதுக்கே ஒண்ணுமில்ல, கெட்டுப்போறதுக்கு என்னா கீது?" என்று மேனேஜர் சிரித்தார். எதுவும் தெரியாமல் எல்லாம் தெரிந்த மாதிரி பேசுவதில் அவரை மிஞ்ச ஆளில்லை. நாங்களும் மடையர்கள். சத்தம் வந்தால் நகல் எடுத்துப் பழகியவர்கள், சத்தம் வராததால் நகலே எடுக்கவில்லை.

ஒரு திங்கட்கிழமை கம்ப்யூட்டர் டிரைவே இல்லை என்றது. சனிக்கிழமை வரை ஒரு குறையும் இல்லை. பெங்களூருக்குக் கொண்டுபோனோம். ஹார்டு டிஸ்க் என்றால் தகட்டிலிருந்து ஏதாவது மீட்டுப் பார்க்கலாம், இதில் ஒன்றும் தேறாது என்று கையை விரித்துவிட்டார்கள்.

அதே வாரம், துளை பெரிது என்று ஒரு லாட் பாகங்கள் வாங்கிய கம்பெனியிலிருந்து திரும்பி வந்தன. அவற்றை அளந்தவள் கல்லாவியிலிருந்து வந்து ஹாஸ்டலில் தங்கியிருந்த ஒப்பந்தத் தொழிலாளி. துளை பெரிதாகிறது என்று அவள் அன்றே என்னிடம் அளவைக் காட்டினாள். நான் மேனேஜரிடம் சொன்னேன். "லாரி நிக்குது, போவட்டும் விடு" என்றவர் அந்த ஆள்தான்.

முதலாளி அறையில் அதே ஆள் கூசாமல் சொன்னார்: "இந்தப் பொண்ணு அளக்கவே இல்ல சார்."

"அளந்தேன் சார். அண்ணன்கிட்ட காட்டுனேன், கேளுங்க" என்றாள்.

முதலாளி என்னிடம் திரும்பி, "ரெக்கார்டு இருக்குதா?" என்றார்.

மேனேஜர் என்னையே முறைத்துக்கொண்டிருந்தார். என் இன்கிரிமென்ட் தாள் அவர் மேசையில் கையெழுத்துக்காகக் கிடந்தது.

"டிரைவ் போயிடுச்சி சார். ஒண்ணுமில்ல" என்றேன். முதலாளி கேட்டது ரெக்கார்டைத்தானே என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

அவள் விடவில்லை. "உங்களுக்கு ஞாபகம் இருக்குது இல்லீங்களாண்ணா?"

எல்லாம் ஞாபகம் இருந்தது. இல்லை என்று தலையாட்டினேன். மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்பே அவளுடைய கேட் பாஸைப் பிடுங்கிக்கொண்டு வெளியே அனுப்பிவிட்டார்கள்.