இருபத்துநான்கு கோப்பைகளும் சித்தப்பாவின் ரவை மெஷினும்

எனக்குப் பதினொரு வயதாயிருந்தபோது, எங்கள் வெள்ளவத்தை வீட்டில் பெரிய சாமான் எதுவும் என் பட்டியல் இல்லாமல் வாங்கப்பட்டதில்லை. ஃபிரிட்ஜ், கிரைண்டர், அப்பாவின் பயணப்பை எல்லாமே என் கொப்பியில் மூன்று நிரல்களைக் கடந்துதான் வீட்டுக்கு வந்தன: கட்டாயம், இருந்தால் நல்லது, வேண்டாம். மூன்றாவது நிரலை நிரப்புவதில் எனக்குத் தனிச் சந்தோஷம். ஆகவே கனடாவிலிருந்து விடுமுறைக்கு வந்திருந்த சித்திக்கும் சித்தப்பாவுக்கும் வழக்கு முற்றியபோது, அது என்னிடம் வந்ததில் எனக்கு ஆச்சரியம் இருக்கவில்லை.

வழக்கு இதுதான். சித்தப்பா அங்கே குறி சுடும் கழகம் ஒன்றில் சேர்ந்து, முறைப்படி அனுமதி எடுத்து, துவக்கு ஒன்றும் வாங்கியிருந்தார். கழகத்தில் சிலர் சுட்டு முடிந்த ரவைகளின், அதாவது தோட்டாக்களின், வெற்றுக் கோதுகளைப் பொறுக்கிக்கொண்டுபோய், புது மருந்தும் புதுக் குண்டும் வைத்து வீட்டிலேயே மறுபடி நிரப்புவார்களாம். தன் துவக்குக்கு ஏற்றபடி தானே நிரப்பினால் குறி தப்பாது என்பது சித்தப்பாவின் நம்பிக்கை. கீழறையில் வெடிமருந்தை வைத்துக்கொண்டு மேலே நித்திரைகொள்ள முடியாது என்பது சித்தியின் கட்சி.

"பிள்ளை பார்த்துச் சொல்லட்டும். அவள் ஓமெண்டா ஓம். இல்லையெண்டா இந்தக் கதை இனி இல்லை," என்றார் சித்தி.

சித்தப்பா உடனே ஒப்புக்கொண்டார். எனக்குக் கல்குலேற்றர் கொண்டுவந்தவர் அவர்; அந்த நன்றி என்னிடம் இருக்கும் என்று நம்பியிருக்க வேண்டும். அம்மா மட்டும் எழுந்துபோய் பால்கனிக் கதவைச் சாத்தினார்.

"உந்தச் சொல்லுகளை மெல்லமாச் சொல்லுங்கோ."

சித்தப்பா ஆசைப்பட்டது சுழலும் தட்டுள்ள ஒரு பெரிய மெஷின். கைபிடியை ஒருமுறை இழுத்தால் ஒரு கோதில் மருந்து விழும், இன்னொன்றில் குண்டு ஏறும், முழு ரவை ஒன்று வெளியே வரும். மற்றது, ஒரு நேரத்தில் ஒரேயொரு வேலை மட்டும் செய்யும் சின்ன பிரஸ். அவருடைய மடிக்கணினியை வாங்கி இரண்டு நாள் படித்தேன். உண்மையைச் சொன்னால், பெரிய மெஷினைத்தான் முதலில் 'கட்டாயம்' நிரலில் எழுதினேன். அதற்கு எதிரே அத்தனை சரி அடையாளங்கள் விழுந்திருந்தன.

சனிக்கிழமை பின்னேரம் சித்தியைப் பார்க்கக் கொட்டாஞ்சேனையிலிருந்தும் பாமன்கடையிலிருந்தும் உறவினர் வந்தார்கள். இருபத்துநான்கு பேருக்குத் தேத்தண்ணி. உதவி செய்கிறேன் என்று குசினிக்குள் வந்த சித்தப்பா, ஒரு கோப்பைக்குச் சீனி, தேயிலைச் சாயம், பால் எல்லாம் விட்டு முடித்து, அடுத்ததற்குப் போனார். நடுவில் மணி அடித்தது. கதவைத் திறந்து, யாரையோ கட்டிப்பிடித்துச் சிரித்துவிட்டுத் திரும்பி வந்தார். ஏற்கனவே சீனி விழுந்த கோப்பைக்குள் அவருடைய கரண்டி மறுபடி போனதையும், அடுத்த கோப்பைக்குச் சீனியே விழாததையும் நான் ஃபிரிட்ஜுக்குப் பக்கத்தில் நின்று பார்த்தேன். சொல்லியிருக்கலாம். ஆனால் பரிசோதனை நடக்கும்போது இடையில் கைவைக்கக் கூடாது என்று பள்ளிக்கூடத்தில் படிப்பித்திருந்தார்கள்.

சற்று நேரத்தில் கொட்டாஞ்சேனை மாமா கோப்பையைத் தூக்கிக் காட்டினார். "தங்கச்சி, இது தேத்தண்ணியோ பாயாசமோ?"

"என்ர சீனியும் உங்களுக்குத்தான் வந்திருக்கு," என்று மாமி தன் கோப்பையை நீட்டினார்.

எல்லோரும் சிரித்தார்கள். நான் கொப்பியை எடுக்க ஓடினேன்.

மறுநாள் காலை இருபத்துநான்கு காய்ந்த கோப்பைகளை ஆறு ஆறாக நான்கு வரிசையில் அடுக்கினேன். எல்லாவற்றுக்கும் முதலில் சீனி மட்டும் போடும்படி சித்தப்பாவிடம் சொன்னேன். பிறகு அவரைச் சுவரைப் பார்த்து நிற்கவைத்து, ஒரு கோப்பையில் இன்னொரு கரண்டி சீனி போட்டேன். ரோர்ச்சைக் கொடுத்ததும் வரிசை வரிசையாக வெளிச்சம் பிடித்துக்கொண்டு போனவர், மூன்றாவது வரிசையில் நின்றார்.

"இந்தா நிக்கிறான் கள்ளன்!"

"சாயம் ஊத்தின பிறகெண்டா கண்டுபிடிப்பீங்களோ?"

சித்தி முந்திக்கொண்டார்: "தேத்தண்ணியெண்டா மாமா முகத்தைச் சுழிப்பார். ஒரே கோதுக்குள்ள மருந்து இரண்டு தரம் விழுந்து துவக்கு வெடிச்சா, உங்களுக்குச் சுழிக்க முகமே இராது."

பெரிய மெஷின் மூன்றாவது நிரலுக்குப் போனது. பழகியவர்களுக்கு அது நல்ல மெஷினாயிருக்கலாம். புதிதாகத் தொடங்குபவர், குண்டு ஏற்றுமுன், ஒவ்வொரு கோதுக்குள்ளும் ரோர்ச் அடித்து எட்டிப் பார்க்க வேண்டும். கட்டாயமானவை: முதலில் படித்து முடிக்க ஒரு கையேடு, சின்ன பிரஸ், அவருடைய துவக்கின் அளவுக்குரிய அச்சுகள், மருந்து நிறுக்கத் தராசு, நீளம் அளக்கக் கலிப்பர், கண்ணுக்குக் கண்ணாடி, கோதுகளை நிமிர்த்தி வைக்கத் துளைபோட்ட ஒரு பலகை. இருந்ததில் மலிவான சாமான் அந்தப் பலகைதான். அதன் கீழேதான் இரண்டு கோடு இழுத்தேன். எட்டாவதாக, சித்திக்காக, பூட்டுள்ள அலுமாரி.

சித்தப்பா பேரம் பேசிப் பார்த்தார். "கோது மினுக்கிற மெஷினாவது?"

"மினுக்கப் பழந்துணியே காணும்."

"கலிப்பர் ஏன் பிள்ளை? அடிமட்டம் இருக்குத்தானே?"

"அடிமட்டத்தால அளந்துதான் எனக்குச் சட்டை வாங்கினனீங்கள். பாருங்கோ, எவ்வளவு கட்டையெண்டு."

சித்தி சிரித்துச் சிரித்து, கடைசியில் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "சரி. பிள்ளை எழுதின எட்டும் வாங்குங்கோ. ஒன்பதாவது வீட்டுக்குள்ள வந்தா நான் வெளியில," என்றார். சித்தப்பா என்னைத் தூக்கி ஒரு சுற்றுச் சுற்றினார். இரண்டு கட்சியும் வென்ற வழக்கு அது, தீர்ப்பு என்னுடையது.

அவர்கள் புறப்படும் நாளில் சித்தி அந்தப் பக்கத்தைக் கேட்டார். ஓரம் பிசகாமல் கிழித்து, மடித்துக் கொடுத்தேன். அது கைப்பைக்குள் போகுமுன் அம்மா வாங்கிக்கொண்டார்.

"கட்டுநாயக்கா எயார்போட்டில பையைத் திறந்து, இதென்னெண்டு கேட்டா?"

"இப்ப நாட்டில சண்டை முடிஞ்சுதுதானே அக்கா."

"நீங்கள் பிளேன் ஏறிப் போயிடுவீங்கள். நாங்கள் இஞ்ச இருக்கவேணும்."

அம்மா அந்த எட்டையும் வாய்ப்பாடு போல இருவருக்கும் மூன்று தரம் சொல்லிக்கொடுத்தார். பிறகு பக்கத்தைச் சின்னஞ்சிறிதாகக் கிழித்துத் தண்ணீரில் ஊறப்போட்டார். கொப்பியையும் வாங்கி, பேனை அழுந்திய தடம் தெரிந்த அடுத்த வெற்றுப் பக்கத்தைக் கிழித்தார். எந்தெந்தக் கடதாசிகளை அப்படிக் கிழித்து அந்தக் கை பழகியிருந்தது என்று கேட்க எனக்குத் தோன்றவில்லை. வேறு யாரும் பார்த்தெழுதிவிடக் கூடாத அளவுக்கு என் பட்டியல் பெறுமதியானது என்றுதான் விளங்கிக்கொண்டேன்.

அவர்களை ஏற்றிய வான் காலி வீதிப் பக்கம் திரும்பும்போது, வாசலில் நின்று என்னால் முடிந்த உச்சக் குரலில் கத்தினேன்: "சித்தப்பா, துவக்கை விடப் பலகைதான் முக்கியம்!"

அம்மாவின் கை வந்து என் வாயைப் பொத்தியது. மற்றக் கையால் என்னை உள்ளே இழுத்து, கதவுக்குத் தாழ்ப்பாள் போட்டார். பிரிவுத் துயரம் என்று நினைத்தேன்.