இரண்டரை மாதம்

ஒன்று நடக்க வேண்டுமென்று தவிக்கும் மனத்தால், அது எப்போது நடக்கும் என்பதையும் நேராகக் கணக்கிட முடியுமா? பாலங்கள் அலுவலகத்தில் மதிப்பீடு போடும் அந்த அம்மாளுக்கு ஐம்பத்திரண்டாம் வயதில் இந்தக் கேள்வி வந்து சேர்ந்தது. ஒரு தசமப் புள்ளி இடம் மாறினாலும் கோப்பைத் திருப்பி அனுப்பிவிடுவார் என்பதால் அலுவலகத்தில் அவருக்குப் ‘புள்ளியக்கா’ என்று பெயர்.

ஆற்றுப் பாலத்தின் தூணில் விரிசல் விட்டதால் போக்குவரத்தை நிறுத்தியிருந்தார்கள். மருத்துவமனை அக்கரையில் இருந்தது. அவருடைய கணவருக்கு வாரம் மூன்று நாள் டயாலிசிஸ். முன்பு இருபது நிமிடப் பயணம்; இப்போது சுற்றுவழியில் போக மூன்று மணி, வர மூன்று மணி. திரும்பும்போது பின்சீட்டில் சுருண்டு கிடப்பார், கால் தசை இழுத்துக்கொள்ளும், பையில் வாந்தி எடுப்பார். அந்தத் திங்கட்கிழமை காலை அவர் செருப்பை மாட்டவே மறுத்துவிட்டார்.

“இன்னிக்கு வரல. வாரத்துக்கு ரெண்டு போதும்.”

“டாக்டர் மூணுன்னு சொல்லியிருக்காரு.”

“அவரு ஒருநாள் இந்தக் கார்ல வரட்டும், அப்புறம் சொல்லட்டும்.” சிரிக்கப் பார்த்தார்; வரவில்லை. “நீதான பாலத்துக்குக் கணக்குப் போடற? எட்டு மாசம்னா பல்லைக் கடிச்சிட்டு இருந்துடுவேன். ரெண்டு வருஷமெல்லாம் என்னால ஆகாது தாயே.”

அன்று அலுவலகத்தில் அவர் மேசையில் பாலத்தைச் சரிசெய்ய அந்த இரண்டு வழிகள்தான் கிடந்தன. ஆற்றுக்குள் சாரம் கட்டி அங்கேயே கான்கிரீட் ஊற்றினால் இருபத்தாறு மாதம். உத்தரங்களைக் கரையிலேயே வார்த்து வைத்து, பெரிய கிரேனால் தூக்கி உட்கார வைத்தால் எட்டு மாதம். ஆனால் செலவு மூன்றில் ஒரு பங்கு கூடும். சுற்றுவழியில் போகிறவர்களின் நேரத்துக்கு அரசு விதிப்படி மணிக்கு இவ்வளவு என்று விலை உண்டு. மிச்சமாகும் நேரத்தின் விலை அந்தக் கூடுதல் செலவைத் தாண்டினால்தான் வேகமான முறைக்கு அனுமதி. வேலைக்குப் போகிறவரின் மணிக்கு முழு விலை, நோயாளியின் மணிக்குக் கால் விலை. அதையும் அவர் விதிப்படியே எழுதினார்.

கடைசியாக ஒரு கட்டம் பாக்கி இருந்தது. கிரேன் வந்து சேர எத்தனை மாதம் தாமதமாகும், மதிப்பீட்டாளரின் அனுபவப்படி. இரண்டு என்று போட்டால் வேகமான முறை ஜெயித்தது. மூன்று என்றால் தோற்றது.

அவர் அனுபவத்தில் அப்படி வந்தவை மூன்று கிரேன்கள். ஒன்று சொன்ன தேதிக்கு வந்தது, ஒன்று இரண்டு மாதம் தாமதம், ஒன்று ஐந்தரை மாதம். சராசரி சரியாக இரண்டரை. கட்டத்தில் முழு எண் மட்டும்தான் எழுதலாம்.

தலைமைப் பொறியாளர் எட்டிப் பார்த்தார். “ரெண்டுன்னு போட்டுடுங்கம்மா. வீட்ல சார் படற பாடு எங்களுக்குத் தெரியாதா? யாரு கேக்கப்போறா?”

“யாரும் கேக்க மாட்டாங்க சார். அதான் கஷ்டம்.”

“அப்ப வேற யார்கிட்டயாவது குடுத்துடவா?”

“அவங்க கிரேன் வந்ததையே பாத்ததில்ல. எத்தனைன்னு என்கிட்டதான் வந்து நிப்பாங்க.”

“என்னமோ பண்ணுங்க. அஞ்சு மணிக்குக் கோப்பு போயாகணும்.”

கணவர் நல்லபடி இருந்திருந்தால் என்ன எழுதியிருப்போம் என்று யோசித்துப் பார்த்தார். அப்படி ஒரு பெண்ணை அவரால் நினைவிலிருந்து எழுப்ப முடியவில்லை. இரண்டு என்று நினைத்தால் அது கணவரின் குரலாகக் கேட்டது. மூன்று என்று நினைத்தால், அந்தக் குரலுக்குப் பயந்துதான் அப்படி நினைக்கிறோமோ என்று பட்டது.

நாலரை மணிக்குக் கைப்பேசி அடித்தது.

“கொஞ்சம் மூச்சு வாங்குது. பயப்படாத, நீ வேலையப் பாரு.”

“இதோ வரேன். ஜன்னலத் திறந்து வச்சு நிமிந்து உக்காருங்க. இப்பவே கிளம்பிடலாம்.”

“மூணு மணி நேரமா?” என்றார் அவர்.

போனை வைத்துவிட்டு, நின்றபடியே கட்டத்தில் மூன்று என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். கார்ச் சாவியை எடுத்துக்கொண்டு ஓடினார்.

ஏன் மூன்று என்று தலைமைப் பொறியாளர் கேட்டபோது அவர் சொல்லவில்லை. இருபத்தாறு மாதம் என்று தெரிந்த பிறகும் கணவர் கேட்கவே இல்லை; அவரிடமும் சொல்லவில்லை.