அக்காவின் பால்குடமும் பச்சை மாத்திரையும்

ஹட்டனில் ஒரு புடவைக் கடையின் மேல்மாடியில் நடந்த கூட்டத்தில்தான் எனக்கு வயது போய்க்கொண்டிருக்கிறது என்பது தெரியவந்தது. அதுவரை நான் அதைக் கவனித்ததில்லை. எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். கொழும்பில் சாப்பாட்டுக் கடையில் கோப்பை கழுவினேன். தம்புள்ளையில் மரக்கறி மூட்டை ஏற்றினேன். மன்னார்ப் பக்கம் ரோட்டு வேலைக்குப் போய் வெயிலில் தோல் உரிந்து வந்தேன். ஒரு வேலை கைவிட்டுப் போனால் ரயிலேறி கொட்டகலையில் இறங்கி அக்கா வீட்டுக்கு நடப்பேன். அக்கா ஒன்றும் கேட்கமாட்டாள். தேயிலைத் தோட்டத்து லயத்தில், வரிசை வீடுகளில் ஒன்றான அவள் வீட்டின் முன்னறையில் பாயை விரித்துவிட்டு, "எத்தன நாளைக்கு?" என்று மட்டும் கேட்பாள். அது கேள்வி இல்லை, அரிசி எவ்வளவு போடுவது என்கிற கணக்கு.

அந்த முறை எனக்கு மாத்திரை விற்கும் வேலை கிடைத்திருந்தது. கழுத்துப்பட்டி கட்டிய ஒருவர் வெள்ளைப் பலகையில் படம் போட்டு விளக்கினார். உடம்பு கோடிக்கணக்கான செல்களால் ஆனது. ஒவ்வொரு செல்லுக்குள்ளும் ஒரு குட்டி இயந்திரம் ஓடுகிறது. இயந்திரம் ஓடினால் புகை வரும். அந்தப் புகைதான் நம்மைத் துருப்பிடிக்க வைத்துக் கிழடாக்குகிறது. துருவைத் தடுப்பதற்குப் பெயர் ஆன்டிஆக்சிடன்ட். அது பச்சைத் தேயிலையில் நிறைய இருக்கிறது, அதைப் பிழிந்தெடுத்து இந்த மாத்திரைக்குள் அடைத்திருக்கிறோம் என்றார். எல்லோரும் கைதட்டினார்கள். நானும் தட்டினேன். பழுதுபார்க்கிறவர்களுக்கு உதவியாக லொறிகளுக்குக் கீழே படுத்திருக்கிறேன், புகையும் துருவும் எனக்குத் தெரியும். அதனால் அவர் சொன்னது எனக்கு உடனே பிடிபட்டது.

வீட்டுக்கு வந்து மச்சானிடம்தான் முதலில் ஒத்திகை பார்த்தேன். அக்காவின் புருஷன் தோட்டத்துத் தேயிலை ஃபேக்டரியில் வேலை செய்கிறார்.

"ஒரு வாழக்காய வெட்டி வச்சா கறுத்துப்போகுதில்ல மச்சான், அதேதான் நம்ம ஒடம்புக்குள்ளயும் நடக்குது. ஆக்சிஜன் பட்டுப் பட்டு உள்ள எல்லாம் கறுத்துப்போகுது. அதுதான் வயசு. இந்த மாத்திர அதத் தடுக்கும்."

மச்சான் போத்தலை வாங்கித் திருப்பிப் பார்த்தார். மேலே இரண்டு இலையும் ஒரு மொட்டும் படமாகப் போட்டிருந்தது. "நாங்க ஃபேக்டரியில அதத்தானே வேலையா செய்றோம். கொழுந்த உருட்டி, காத்துல விரிச்சு, கறுக்க வைக்கிறோம். கறுக்காட்டி தொர ஏசுவாரு."

"அது தேயிலைக்கு மச்சான்."

"ஒங்க அக்காவும் கல்யாணம் கட்டுன நாள்லேர்ந்து அதுக்குள்ளதான் கெடக்கிறா. இப்பத்தான் பதமா வந்திருக்கா. அவளப் போயி மறுபடி பச்சையாக்கப் போறியா?"

"ரெண்டு பேரும் கறுத்து முடிச்சிட்டீங்கன்னா வாங்க, ரொட்டி ஆறுது" என்றாள் அக்கா அடுப்படியிலிருந்து.

ஆனால் போத்தலைக் கேட்டு வாங்கி சாமிப் படத்துக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டவள் அக்காதான். அதற்குக் காரணம் இருந்தது. அவள் மகன் கைக்குழந்தையாக இருந்தபோது காய்ச்சல் கண்டு பிழைக்கமாட்டான் என்று எல்லோரும் கைவிட்ட சமயத்தில், வருசா வருசம் மாரியம்மனுக்குப் பால்குடம் எடுக்கிறேன் என்று வேண்டிக்கொண்டாள். அந்தப் பையன் இப்போது கொழும்பில் குடும்பத்தோடு இருக்கிறான். அக்கா ஒரு திருவிழாவையும் விட்டதில்லை. கீழே ஓடையில் குடத்தைத் தலையில் ஏற்றினால் மேலே கோயிலில்தான் இறக்க வேண்டும். நடுவில் தரையில் வைக்கக்கூடாது. போன வருசம் பாதி மேட்டில், மழைத்தண்ணி ஓடும் போக்குக்கு மேல் கட்டியிருந்த சிமெந்துத் திட்டில் மூச்சு வாங்கி உட்கார்ந்துவிட்டாள். அவளோடு ஒரே கேங்கில் கொழுந்து பறிக்கிற பெண் ஒருத்திதான் குடத்தை வாங்கிக்கொண்டு போய்ச் சேர்த்தாள். இறங்கி வரும்போது அவள் நல்ல மனதோடு, "அடுத்த வருசம் மருமகள எடுக்கச் சொல்லுக்கா" என்றாளாம். அக்கா அதை ஒரு வருசமாக மென்றுகொண்டிருந்தாள்.

எனக்கு இது நல்ல வாய்ப்பாகப் பட்டது. அக்கா நிற்காமல் ஏறிவிட்டால் தோட்டம் முழுக்க மாத்திரை கேட்கும். விளம்பரப் பலகை எதற்கு, அக்கா போதாதா? திருவிழாவுக்கு நிறைய நாள் இருந்தது. அவள் காலையில் ரொட்டியோடும் தேத்தண்ணியோடும் ஒரு மாத்திரை, இரவு சோற்றோடும் தேத்தண்ணியோடும் ஒரு மாத்திரை விழுங்கினாள். விற்கிறவனே சாப்பிடாவிட்டால் எப்படி என்று நானும் விழுங்கினேன். படுத்தால் தூக்கம் வரவில்லை. கண்ணைத் திறந்துகொண்டு கூரைத் தகரத்தைப் பார்த்தபடி, செல்லுக்குள் இயந்திரம் சூடு பிடித்துவிட்டது என்று சந்தோசப்பட்டேன். சாயங்காலம் கெட்டித் தேத்தண்ணி குடித்தாலும் எனக்கு அப்படித்தான் ஆகும். அது அப்போது ஞாபகத்துக்கு வரவில்லை.

முதல் வாரம் அக்கா சுறுசுறுப்பாகத்தான் இருந்தாள். லயத்தில் எல்லோரும் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்கள், அதுவே ஒரு சத்து. பிறகு பழையபடி மூச்சு வாங்கியது. போகப்போக அதைவிடவும் மோசமானது. காலையில் பேர் கொடுக்கப் பெரட்டுக்குப் போய் நிற்கும்போதே கண் இருட்டுகிறது என்றாள். "மாத்திர வேலை செய்யுதுக்கா, உள்ள துரு கழலுது, அதுதான்" என்று நான் தைரியம் சொன்னேன். இப்படிச் சொல்லச் சொல்லி அந்தக் கூட்டத்தில் கற்றுக்கொடுத்திருந்தார்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ஒத்திகைக்காக அலுமினியக் குடத்தில் தண்ணீர் எடுத்துக்கொண்டு ஓடையிலிருந்து ஏறினோம். பாதி மேட்டில், போன வருசத்துத் திட்டுக்குக் கொஞ்சம் கீழேயே, அவள் உட்கார்ந்துவிட்டாள். முகமெல்லாம் வியர்த்து, உதடு வெளுத்திருந்தது. அந்த வழியாக மேல் லயத்தில் ஒரு பிள்ளைத்தாய்ச்சியைப் பார்த்துவிட்டு தோட்டத்து மருத்துவிச்சி, மிட்வைப் மிஸ்ஸி, குடையோடு இறங்கி வந்தார். குடத்தையும் அக்காவையும் பார்த்தார். குனிந்து அக்காவின் கீழ் இமையை விரலால் இழுத்துப் பார்த்தார்.

"ஒடம்புல ரத்தமே இல்ல போலிருக்கே. என்ன சாப்பிடுறீங்க?"

அக்கா என்னைப் பார்த்தாள். நான் பெருமையாகச் சட்டைப் பையிலிருந்து போத்தலை எடுத்து நீட்டினேன்.

மிஸ்ஸி படித்தார். "இது தேயில."

"தேயிலையோட சாரம் மிஸ்ஸி. ஆன்டிஆக்சிடன்ட்."

"நல்லது. ரத்தம் இருக்கிறவங்க குடிக்கட்டும். சாப்பாட்டுல இருக்கிற இரும்புச் சத்த ஒடம்புக்குப் போகவிடாம தேயிலை புடிச்சு வச்சிக்கும். இவங்க ரொட்டிக்கும் தேத்தண்ணி, சோத்துக்கும் தேத்தண்ணி, அதுக்கு மேல இது வேறயா? தேயிலையில விழுந்து தேயிலையிலயே எந்திரிக்கிறவங்களுக்குத் தேயிலையவே கொண்டாந்து விக்கிறீங்களே தம்பி."

கோபமாகச் சொல்லவில்லை. அவருக்குச் சிரிப்பு வந்திருந்தது. அக்காவுக்கும் வந்தது, ஆனால் சிரிக்க மூச்சு இல்லை.

கிளினிக்கில் ரத்தம் சோதித்தார்கள். மிஸ்ஸி சொன்னது சரியாக இருந்தது. இரும்பு மாத்திரை கொடுத்தார்கள். தேசிக்காய் பிழிந்த தண்ணியோடு குடிக்க வேண்டும், சாப்பாட்டுக்கு முன்னும் பின்னும் ஒரு மணித்தியாலம் தேத்தண்ணி தொடக்கூடாது. வயிறு பிரட்டும், மலம் கறுப்பாகப் போகும், பயந்து நிறுத்திவிடாதீர்கள் என்றார்கள். திருவிழாவுக்குள் ஏறுமா என்று அக்கா கேட்டாள். "கொஞ்சம் ஏறும். முழுசா ஏற நாளாகும்" என்றார் மிஸ்ஸி.

மாத்திரை சுலபம். தேத்தண்ணி இல்லாமல் ரொட்டி தின்பதுதான் கஷ்டம். நாங்கள் பிறந்ததிலிருந்து ரொட்டியைத் தேத்தண்ணியால்தான் தள்ளி இறக்குகிறோம். அக்கா வெந்நீரை வைத்துக்கொண்டு தட்டையே பார்த்துக்கொண்டிருப்பாள். அவள் முன்னால் குடிக்கக்கூடாதென்று மச்சான் தன் கோப்பையை எடுத்துக்கொண்டு லயத்துக்குப் பின்னால் கோழிக்கூண்டுப் பக்கம் போவார். ஆனால் அவருக்குச் சத்தமில்லாமல் உறிஞ்சத் தெரியாது. அந்த உறிஞ்சல் சுவரைத் தாண்டி வரும். "மனுசன் குடிக்கிறானா, எரும குடிக்குதா?" என்பாள் அக்கா. பத்து மணிக்குக் கொழுந்து மலையில், சாப்பாடில்லாமல் தனியாகக் கிடைக்கிற தேத்தண்ணிக்குத் தடை இல்லை. அதை நினைத்தே அவள் காலையைக் கடத்தினாள். என் வேலை, முருங்கைக்கீரை தேடிக் கொண்டுவருவதும் நெத்தலிக் கருவாடு வாங்கிவருவதும். விற்பனை படுத்துவிட்டது. பச்சை மாத்திரையை நிறுத்தியதில் எனக்கு மட்டும் நல்ல தூக்கம் வந்தது.

திருவிழா அன்று மழை இல்லை. தப்பு முழங்க, மஞ்சள் சேலைகள் வரிசையாக ஓடையிலிருந்து ஏறின. அக்கா முன்வரிசையில் கிளம்பினாள். ஒவ்வொருவராக அவளைத் தாண்டிப் போனார்கள். பாதி மேட்டில் அவளுக்குப் பின்னால் யாரும் இல்லை, நான்தான். மச்சான் அவளுக்கு முன்னால், அவளைப் பார்த்தபடியே பின்பக்கமாக நடந்து ஏறிக்கொண்டிருந்தார். கல்லில் இடறி இரண்டு தடவை விழப்பார்த்தார். அந்தத் திட்டுக்கு வந்ததும் அக்கா நின்றாள். குடம் தலையில் ஆடியது.

"கொஞ்சம் நிப்பமாக்கா?" என்றேன்.

"பேசாம வாடா. ஒங்கூடப் பேசவும் மூச்சு வேணும்."

மறுபடி ஏறினாள். நாங்கள் போய்ச் சேர்ந்தபோது மற்றக் குடங்களெல்லாம் ஊற்றி முடிந்திருந்தன. பூசாரி கையைக் கட்டிக்கொண்டு காத்திருந்தார். அக்கா குடத்தைத் தரையில் வைக்காமல் அவர் கையில் கொடுத்தாள். பிறகு தூணைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றாள். அவள் அழுகிறாளா, மூச்சு வாங்குகிறாளா என்று என்னால் சொல்ல முடியவில்லை. மச்சான் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டே கூட்டத்துக்குள் காணாமல் போனார்.

பொங்கல் கொடுக்கும்போது, போன வருசம் குடத்தை வாங்கிப் போன அந்தப் பெண் என்னைத் தேடிக்கொண்டு வந்தாள். அவளோடு இன்னும் நாலைந்து பேர்.

"தம்பி, அக்காவுக்குக் குடுத்த அந்தப் பச்ச மாத்திர இன்னும் இருக்கா?"

"அதை அக்கா எப்பவோ நிப்பாட்டிட்டா. இது கிளினிக்ல குடுத்த இரும்பு மாத்திரக்கா."

"கிளினிக்ல சும்மா குடுக்கிறதா?"

"சும்மாதான்."

அவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். "சும்மா குடுக்கிறதுல என்ன இருக்கப்போகுது. எங்களுக்குத் தர மனசில்லாட்டி அதச் சொல்லு."

போத்தல்கள் வீட்டில் பெட்டியோடு இருந்தன. அந்த ஐந்து நிமிடத்தில் எல்லாவற்றையும் விற்றிருக்கலாம். நான் மிஸ்ஸி சொன்னதையெல்லாம் முதலிலிருந்து சொல்லிப் பார்த்தேன். ஒருத்தியும் நம்பவில்லை. கடைசியில் அக்கா பொங்கல் இலையோடு எழுந்து வந்தாள்.

"வர்ற கிளினிக்குக்கு எல்லாரும் என்னோட வாங்கடி. காசு குடுத்தாத்தான் ஒடம்புல புடிக்கும்னா, போற வழியில தம்பிகிட்ட ஆளுக்குக் கொஞ்சம் குடுத்துட்டு வாங்க."