பொனட்டுக்கு முன் கற்பூரம்

என் பழைய அமெரிக்கக் காரின் இன்ஜெக்‌ஷன் இன்ஜின் உறுமியது எனக்குப் போதவில்லை. பிளேஸ்டோவில் எங்கள் வீட்டு வாசலிலேயே அதைக் கழற்றிவிட்டுக் கார்புரேட்டர் இன்ஜின் பூட்டினேன்.

"டாங்கிக்குள்ள இருக்கிற பம்பையும் மாத்து மச்சான். அது கார்புரேட்டருக்குப் பெற்றோலை அளவுக்கு மிஞ்சி அடிக்கும்" என்றான் நண்பன்.

"பிறகு பாப்பம்" என்றேன்.

முதல் ஓட்டத்துக்கு முன் சக்கரங்களுக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்தோம். இன்ஜினை ஓடவிட்டேன். திறந்திருந்த பொனட்டுக்கு முன் மனைவி கற்பூரத் தட்டோடு நின்றாள்.

"பெற்றோல் மணக்குதப்பா."

"பழைய கார் எண்டால் மணக்கும்தான். நீர் கற்பூரத்தைக் காட்டும்."

காட்டினாள். கார்புரேட்டரிலிருந்து வழிந்திருந்த பெற்றோலில் தீ பாய்ந்து அவளுடைய கையைப் பிடித்தது.

காரை விற்றுவிட்டேன். அவள் கையில் தழும்பு இருக்கிறது. அவள் ஒருநாளும் என்னைக் குறை சொன்னதில்லை. ஆனால் இப்போது வீட்டில் சாமி விளக்கை நான்தான் ஏற்றுகிறேன். அவள் தள்ளி நின்று கும்பிடுகிறாள்.