மூன்றாம் தொட்டியின் மஞ்சள் குறிப்பு

நடந்ததை நடந்தபடியே எழுதுகிறேன். பேய், பிசாசு என்று பேசுவது எங்கள் குடும்பத்தில் வழக்கமில்லை. ஆனால் என் தம்பி பூவரசனை, பெண்டாட்டியை விட்டுவிட்டு எவளோடோ ஓடிப்போனவன் என்று எங்கள் ஊர் திமிரி முழுக்க இரண்டு வருடம் பேசியது. அந்தப் பேச்சுக்குப் பதில் இது. பொன்மலரே எங்கள் வீட்டுக்கு வந்து சொன்னது.

பொன்மலர் ஆம்பூரில் ஒரு தோல் தொழிற்சாலை ஆபீசில் புதிதாகச் சேர்ந்தவள். அன்று மதியம், அங்கே பயனில்லாமல் கிடந்த மூன்றாம் கழிவுநீர்த் தொட்டியில் கான்கிரீட் ஊற்றி மூட இருந்தார்கள். தொட்டி காலி என்ற பிடிஎஃப் அறிக்கையை அவள் ஃபிளாட்டன் செய்து அனுப்ப வேண்டும். அப்படிச் செய்துவிட்டால் எழுத்து, படம், கையெழுத்து எல்லாம் ஒன்றாகப் பதிந்துவிடும். பிறகு யாராலும் ஒரு புள்ளியைக்கூட மாற்ற முடியாது.

செய்தாள். திறந்து பார்த்தாள். தொட்டியின் படத்தின்மேல் ஒரு மஞ்சள் கட்டம்.

'உள்ளே ஆள் இருக்கு.'

மூல ஃபைலில் அப்படி எதுவும் இல்லை. யாரோ விளையாடுகிறார்கள் என்று நெட் வயரைப் பிடுங்கிவிட்டு மறுபடி செய்தாள்.

'உள்ளே ஆள் இருக்கு. ஊத்தாதீங்க.'

வெளியே கலவை லாரி வந்து நின்றது. கட... கட... கட... என்று டிரம் சுற்றியது. மேனேஜர் ரிச்சர்ட் டீ டம்ளரோடு வந்தார். இந்நேரத்துக்கு ஒரு அண்டா பிரியாணியே வெந்திருக்கும் என்றார். இந்த வேலை போனால் பொன்மலர் வீட்டில் அடுப்பு எரியாது. மூன்றாம் முறை அழுத்தினாள்.

இந்த முறை கட்டத்தின் மூலையில் எழுதியவர் பெயரும் இருந்தது.

"சார்... பூவரசன் யாரு?"

டம்ளர் அவர் வாய்க்குப் போகாமல் நின்றது.

"அந்தப் பேரை உனக்கு யார் சொன்னது?"

அவள் திரையைத் திருப்பினாள். அவர் படித்தார்.

"டெலிட் பண்ணும்மா."

"முடியாது சார். ஃபிளாட் ஆயிடுச்சு."

அவர் ஜன்னல் வழியே லாரிக்குக் கை காட்டினார். ஊற்றச் சொல்லி.

செருப்பில்லாமல் ஓடினாள். தொட்டியின் இரும்பு மூடிமேல் ஏறி நின்றுகொண்டாள். டிரைவர் திட்டினார். இறங்கவில்லை.

காலுக்கடியில்...

டக்.

டக்.

டிரைவர் லாரியை அணைத்தார். அவருக்கும் கேட்டிருந்தது.

மூடியைப் பெயர்த்தார்கள். என் தம்பி சுவரோரம் சாய்ந்திருந்தான். எலும்பாக. கழுத்தில் கம்பெனி அட்டை.

அவன் ஓடிப்போகவில்லை.

மூடியை யார் போட்டது என்று இன்றுவரை தெரியவில்லை. எலும்பை வாங்க வேலூர் ஆஸ்பத்திரிக்குப் போனபோது இன்ஸ்பெக்டர் ஒரு போட்டோவைக் காட்டினார். மூடியின் உள்பக்கம். பெல்ட் கொக்கியால் கீறிய எழுத்து. அதன்மேல் துரு ஏறியிருந்தது.

'உள்ளே ஆள் இருக்கு. ஊத்தாதீங்க.'

கான்கிரீட் ஊற்றுவது என்று முடிவானதே... போன மாதம்தான்.