ஏழு பாட்டும் ஓர் எக்நாக்கும்

மக்களே, போன வாரம் எங்கள் தெருவில் ஓர் அதிசயம் நடந்தது. கிறிஸ்துமஸுக்கு வீடு வீடாகப் பாடி வரும் கேரல் கோஷ்டி, எல்லா வீட்டு வாசலிலும் இரண்டு பாட்டுப் பாடியது. எங்கள் வீட்டு வாசலில் மட்டும் — ஏழு!

ஏன்? நாங்கள் என்ன ஜமீன் குடும்பமா? நான் நாகர்கோவிலில் சைக்கிள் கடை வைத்திருப்பவன். டியூபுக்கு ஒட்டுப் போடுகிறவன். எனக்குத் தெரிந்த சங்கீதம் சைக்கிள் மணிச் சத்தம் ஒன்றுதான்.

பால் திரிந்துபோனதுதான் காரணம்.

சிரிக்காதீர்கள். சொல்கிறேன்...

என் மச்சினன் ஞானமுத்துவைப் பற்றி இந்தப் பக்கத்தில் இதுவரை எழுதியதில்லை. எழுதினால் நீங்கள் நம்பமாட்டீர்களோ என்று பயம். சிலோனில் ஒரு தேயிலைத் தோட்டத்துத் துரை பங்களாவில் குசினியில், அதாவது சமையல்கட்டில், வேலை பார்த்தவன். துரை தோட்டத்தை விற்றுவிட்டுச் சீமைக்குக் கப்பல் ஏறினார். இவன் எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்தான். கொண்டு வந்தது ஒரு தகரப் பெட்டி, ஒரு பழைய கோட்டு, அப்புறம்... வண்டி வண்டியாகக் கதை.

"அத்தான், நான் போடுத காப்பி இல்லாம துரை கட்டிலை விட்டு எறங்கமாட்டாரு, கேட்டியளா?"

"அத்தான், ஒருநா பெரிய துரைமாரெல்லாம் விருந்துக்கு வந்தாவ. என் புட்டிங்கத் தின்னுட்டு, எவன்டா குக்குன்னு தேடி வந்து கை குடுத்தாவ!"

என் கடைக்குக் காற்றடிக்க வருகிறவர்கள்கூட, "என்னவே, இன்னைக்குத் துரை என்ன சாப்பிட்டாரு?" என்று அவனைக் கிண்டல் செய்ய ஆரம்பித்துவிட்டார்கள். அவனும் சளைக்காமல் பதில் சொல்வான்.

ஆனால் மக்களே, ஒன்று கவனித்தேன். வாய் ஓயாமல் பேசுகிறவன், சாப்பிட உட்கார்ந்தால் மட்டும் பேசமாட்டான். இரண்டாம் தடவை சோறு வேண்டும் என்று கேட்கவேமாட்டான். வேலை இல்லாமல் அக்காள் வீட்டில் உட்கார்ந்து சாப்பிடுகிற வருத்தம். என் வீட்டுக்காரிக்கு அது தெரியும். கேட்காமலே போட்டுவிட்டுப் போவாள்.

இப்படி இருக்கும்போது ஒரு வேலை வந்தது. ஆஸ்பத்திரிக் குசினிக்கு ஓர் ஆள் வேண்டும். நோயாளிகளுக்குப் பாலும் கஞ்சியும் முட்டையும் பக்குவமாகச் செய்து கொடுக்கத் தெரியவேண்டும். ஆளைச் சேர்க்கும் பொறுப்பு அங்கே கணக்கராக இருக்கும் மாசிலாமணி அண்ணாச்சியிடம். அவர்தான் எங்கள் சபையில் பாட்டு வாத்தியாரும்கூட. கேரல் கோஷ்டிக்குத் தலைவர். ஞானமுத்துவை அவரிடம் அழைத்துக்கொண்டு போனேன்.

அவர் இவனை ஏற இறங்கப் பார்த்தார். கோட்டைக் கொஞ்சம் அதிக நேரம் பார்த்தார்.

"சிலோன்ல இருந்து வந்தவன்ல பாதிப்பேரு குக்குங்கான், மீதிப்பேரு கிளார்க்குங்கான். நான் எவனைவே நம்ப?" என்றார்.

வேறு யாராக இருந்தாலும் தலையைச் சொறிந்திருப்பார்கள். இவனா சொறிவான்?

"அண்ணாச்சி, கிறிஸ்மஸுக்குப் பாட வருவியள்லா? எங்க அக்கா வீட்டுல உங்க எல்லாருக்கும் எக்நாக் தாறேன். குடிச்சுப் பாத்துட்டு அப்பறம் சொல்லுங்க."

"அது என்னது வே?"

"முட்டையும் பாலும் சேத்து நுரைக்க நுரைக்க அடிக்கது. சீமைல கிறிஸ்மஸ்னா அதுதான்."

"பாப்போம், பாப்போம்" என்றார் அண்ணாச்சி.

வீட்டுக்கு வந்து சொன்னோம். என் வீட்டுக்காரி இடுப்பில் கை வைத்து நின்றாள். "ஏலே, அதுல சாராயம் கீராயம் உண்டா?"

"துரைக்குன்னா கொஞ்சம் பிராந்தி விடுவோம்..."

"இந்த வீட்டுக்குள்ள அது கேறாது. அது கேறினா நீ எறங்கணும்."

"நமக்கு எதுக்குக்கா? ஜாதிக்காய் பொடி மட்டும் தூவினாப் போதும்."

ஜாதிக்காய்க்குக் குறைவில்லை. எங்கள் கடைக்குட்டிக்கு வயிறு பொருமினால் கல்லில் உரைத்துக் கொடுப்பது. முட்டை எங்கள் கோழிகள் தந்தன. பால் பக்கத்து வீட்டுப் பகவதியம்மை கறந்து தந்தாள். சீனிதான் இல்லை. இப்போது சீனி கிடைக்கிற லட்சணம் உங்களுக்குத் தெரியாதா? ரேஷனில் அளந்து கொடுத்த சீனி பலகாரத்துக்கே பற்றவில்லை.

"கருப்பட்டி இருக்குல்லா? அதைப் போட்டாப் போச்சு" என்றான் ஞானமுத்து.

அங்கேதான் மக்களே, சறுக்கியது.

விளக்கு வைத்த நேரம். அடுத்த வீட்டில் கோஷ்டி பாடிக்கொண்டிருந்தது. பெட்ரோமாக்ஸ் வெளிச்சம் எங்கள் வேலி வரைக்கும் வந்துவிட்டது. அடுப்பில் பால் தளதளவென்று கொதிக்கிறது. ஞானமுத்து தட்டி வைத்திருந்த கருப்பட்டியை அள்ளி அப்படியே உள்ளே போட்டான்...

அவ்வளவுதான். ஒரு கிண்டு கிண்டியதும் பால் தனி, தண்ணீர் தனி.

இவன் பானைக்குள்ளேயே பார்த்துக்கொண்டு, "பால்லதான் என்னமோ..." என்று இழுத்தான்.

பாட்டுக் கேட்க வந்திருந்த பகவதியம்மை பின்வாசலில்தான் நின்றாள். விடுவாளா?

"எம் பசுவச் சொன்னியோ, நாளைல இருந்து இந்த வீட்டுல எல்லாருக்கும் பாலில்லாத கட்டஞ்சாயாதான்! சொல்லிட்டேன்."

என் வீட்டுக்காரி பானையை எட்டிப் பார்த்தாள். "கொதிக்குத பால்ல எவனாம் கருப்பட்டியப் போடுவானாலே? பனங்காட்டுல பொறந்தவன்தானா நீ?"

"அங்க வெள்ளச் சீனியேதான்க்கா. கை மறந்து போச்சு..."

அடுப்புக்குப் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்துவிட்டான். என் மகள் ஸ்டெல்லா குனிந்து அவன் முகத்தைப் பார்த்தாள். "மாமா, அழுறியா?"

"பொகை, மக்கா."

அடுத்த வீட்டுப் பாட்டு முடிந்தது. ஆர்மோனியத்தைத் தூக்கிக்கொண்டு எங்கள் வேலிப் படலைத் திறக்கிற சத்தம் கேட்கிறது. வீட்டுக்கு இரண்டு பாட்டு. பிறகு உள்ளே வந்து உட்காருவார்கள். உட்கார்ந்தால் அண்ணாச்சி கேட்பார். கேட்டால்... ஆஸ்பத்திரி வேலை போச்சு. அது மட்டுமா? துரை கதை எல்லாம் புளுகு என்று ஊர் முடிவு கட்டிவிடும்.

நான் அந்த இடத்தில் இருந்தால் என்ன செய்திருப்பேன்? பின்வாசல் வழியாக ஓடியிருப்பேன். உண்மை, மக்களே.

ஞானமுத்து எழுந்தான். கோட்டைக் கழற்றி ஆணியில் மாட்டினான்.

"அக்கா, தேங்கா கெடக்கா?"

"கெடக்கு. எதுக்கு?"

"பங்களா டிரைவரு ஒரு சாயிபு. பெருநாளைக்கு அவிய வீட்டுல வட்டிலப்பம் அவிப்பாவ. கருப்பட்டி, தேங்காப்பால், முட்டை. அது பிரியாதுக்கா! நாம அதை அவிக்காண்டாம். தண்ணியா எளக்கி எடுத்தாப் போதும். முட்டைய நான் இன்னும் ஒடைக்கல்ல. அத்தான், நீங்க வாசலைப் புடிங்க. பாட்டு நின்னுச்சுன்னா நான் செத்தேன்!"

வாசலைப் பிடித்தேன்.

இரண்டாம் பாட்டு முடிந்தது. அண்ணாச்சி ஆர்மோனியத்தின் துருத்தியை மூடப்போனார். உள்ளேயிருந்து தேங்காய் துருவும் சத்தம்... கர்... கர்... நான் அவசரமாகக் கும்பிட்டேன்.

"அண்ணாச்சி, இன்னும் ஒண்ணே ஒண்ணு பாடணும். மனசு நெறைய மாட்டேங்கு."

பாட்டுக்காரரிடம் இப்படி யாராவது சொல்லிப் பார்த்திருக்கிறீர்களா? அண்ணாச்சியின் முகம் பெட்ரோமாக்ஸைவிடப் பிரகாசமாயிற்று. மூன்றாவது பாடினார். நாலாவதை ஸ்டெல்லா கேட்டாள். "எல்லா சரணமும் பாடணும் பெரியப்பா, ஒண்ணையும் விடக்கூடாது!" பிள்ளை வாய் திறந்து கேட்டால் மாட்டேன் என்பாரா? ஐந்தாவதைக் கேட்டது யார் தெரியுமா? பகவதியம்மை! "போன வருசம் ஒரு தாலாட்டுப் பாடுனியள்லா, அதக் கேக்கத்தான் நான் வேலைய விட்டுட்டு நிக்கேன்" என்றாள். அண்ணாச்சிக்குக் கண் கலங்கியே விட்டது.

ஆறாவது பாட்டில் மத்தளக்காரர் எங்கள் முருங்கைமரத்தில் சாய்ந்துவிட்டார். ஏழாவதில் அண்ணாச்சியின் குரல் கம்மிவிட்டது. எனக்கோ கேட்பதற்கு வேறு பாட்டு ஞாபகம் வரவில்லை.

அந்த நேரத்தில்தான் உள்ளேயிருந்து வாசனை வந்தது — கருப்பட்டியும் தேங்காய்ப்பாலும் ஜாதிக்காயும் கலந்து...

என்ன செய்தான் என்று பிறகு கேட்டுத் தெரிந்துகொண்டேன். உங்களுக்கும் சொல்கிறேன், அம்மாவிடம் சொல்லிச் செய்யச் சொல்லுங்கள். கருப்பட்டியைத் தண்ணீரில் காய்ச்சி, மண் போக வடிகட்ட வேண்டும். இரண்டாம் தேங்காய்ப்பாலை அதில் விட்டுச் சூடாக்க வேண்டும். முட்டையைத் தயிர் கடையும் மத்தால் நுரை வரக் கடைய வேண்டும். சூடான பாலை முட்டையில் கொஞ்சம் கொஞ்சமாக, மெல்ல மெல்ல, கடைந்துகொண்டே விடவேண்டும். அவசரப்பட்டு ஊற்றினால் முட்டை வெந்து கட்டியாகிவிடும். மறுபடி இளந்தீயில் வைத்து, கெட்டியாகத் தொடங்கியதும் இறக்கி, முதல் பாலை விட வேண்டும். கொதிக்கவே கூடாது. நம் வீட்டுப் பாயசத்துக்கும் முதல் பாலை அப்படித்தானே விடுகிறோம்? கடைசியில் ஜாதிக்காய்.

எல்லாருக்கும் டம்ளரில் வந்தது. அண்ணாச்சி ஒரு வாய் குடித்தார். கண்ணை மூடினார். இன்னொரு வாய். மத்தளக்காரர் மரத்தைவிட்டு நிமிர்ந்தார்.

"ஆஹா... இதுல்லா தொரை வீட்டு ருசி!" என்றார் அண்ணாச்சி. கம்மின குரலிலும் அது தெரு முழுக்கக் கேட்டது.

"தொரை வீட்டு ருசியேதான்!" என்றது கோஷ்டி.

எங்களில் ஒருவரும் துரை வீட்டுப் படியை மிதித்ததில்லை. எக்நாக்கைக் கண்ணால் கண்டதில்லை. ஞானமுத்து என்ன சொன்னாலும் அதுதான் உண்மை. சும்மா சிரித்துக்கொண்டு நின்றாலே போதும், வேலை கைக்குள். எனக்கு நிம்மதியாக மூச்சு வந்தது.

அப்போது அவன் வாயைத் திறந்தான்.

"அண்ணாச்சி, இது துரை வீட்டு எக்நாக் இல்ல. அது பிரிஞ்சு போச்சு. பின்னால வாழைக்குக் கீழ கெடக்கு. கருப்பட்டியக் கொதிக்குத பால்ல போட்டுட்டேன். பகவதியக்கா பாலு நல்ல பாலு, தப்பு எம்மேலதான். இது சாயிபு வீட்டுல தின்ன ருசிய வச்சு நானாச் செஞ்சது. இன்னொண்ணு... பங்களால குக்கு வேற ஆளு. நான் முட்டை அடிச்சுக் குடுத்தவன். பாத்துப் பாத்துப் படிச்சதுதான்."

என் வீட்டுக்காரி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள்.

அண்ணாச்சி டம்ளரைக் கீழே வைத்தார். யோசித்தார். பிறகு மெல்ல என் பக்கம் திரும்பினார்.

"அப்பம்... பாலு பிரிஞ்சது எப்பம்?"

"நீங்க... படலைத் தொறக்கும்போது" என்றேன்.

"அப்பம் அந்த ஏழு பாட்டு? மனசு நெறையலன்னீரே?"

நான் பெட்ரோமாக்ஸைப் பார்த்தேன். ஸ்டெல்லா என் பின்னால் ஒளிந்தாள். பகவதியம்மை மட்டும் தைரியமாக, "நான் மெய்யாத்தான் கேட்டேன்!" என்றாள்.

மத்தளக்காரருக்குத்தான் முதலில் சிரிப்பு வந்தது. பிறகு கோஷ்டி முழுதும். அண்ணாச்சி சிரிக்கவில்லை. தொண்டையைத் தடவிக்கொண்டார். டம்ளரை எடுத்து ஞானமுத்துவிடம் நீட்டினார்.

"தொண்டை புண்ணாப் போச்சுலே. இன்னும் கொஞ்சம் ஊத்து."

ஊற்றினான். குடித்து முடித்துவிட்டுத்தான் பேசினார்.

"ஆஸ்பத்திரில பாலு பிரியத்தான் செய்யும். பிரிஞ்சத வடிகட்டி நோயாளி தலைல கட்டாதவன்தான் எனக்கு வேணும். திங்கக்கெழம காலம்பற வா. கோட்டு வேண்டாம்."

மக்களே, பிடிபட்ட பிறகு உண்மை சொல்கிறவர்களை நான் தினமும் பார்க்கிறேன். காற்று முழுதும் இறங்கி, தள்ளிக்கொண்டு வந்த பிறகுதான் "ஆமாம், முள்ளில் ஏற்றிவிட்டேன்" என்பார்கள். சக்கரம் விண்ணென்று நிற்கும்போது, எல்லாரும் நன்றாக ஓடுகிறதே என்று மெச்சும்போது, இதோ இந்த இடத்தில் ஒட்டுப் போட்டிருக்கிறது பாருங்கள் என்று தானே தொட்டுக் காட்டிய ஆளை முதன்முதலாக அன்றைக்குத்தான் பார்த்தேன். அதுவும் என் மச்சினன்! துரை கதை இத்தனை மாதம் கேட்டும் வராத மரியாதை எனக்கு அந்த ஒரு நிமிஷத்தில் வந்துவிட்டது.

அன்றைக்கு இரவுச் சாப்பாட்டில் ஞானமுத்து இரண்டாம் தடவை சோறு கேட்டான். சத்தமாகவே கேட்டான். என் வீட்டுக்காரி குழம்பு எடுக்கிற சாக்கில் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

இப்போது ஆஸ்பத்திரியில் இருக்கிறான். அங்கே கதை சொல்வதை விட்டுவிட்டானா என்று கேட்காதீர்கள். இப்போது கதையில் துரைக்குப் பதிலாக டாக்டர்.

அண்ணாச்சியும் ஓர் உத்தரவு போட்டிருக்கிறார் — அடுத்த கிறிஸ்துமஸுக்கு எங்கள் வீட்டில் முதலில் எக்நாக், அதைக் குடித்த பிறகுதான் பாட்டு!